கரிசலில் புதைந்திருக்கும் வலை

கரிசல் மண்ணில் சாலை போட்டவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் அதே மண் செருப்பைக் கவ்விக்கொண்டு விடாது. விளாத்திகுளம் பக்கம் எடுத்த மண்ணை நான்கு நாட்கள் நீரில் ஊறவைத்துச் சோதித்தோம். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் காட்டும் சிபிஆர் மதிப்பு 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. லாரிகள் மிகுதியாக ஓடும் சாலைக்கு 5 சதவீதமாவது வேண்டும் என்கிறது, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸின் வழிகாட்டி.

கரிசலைத் தோண்டி எறிந்துவிட்டுக் கிராவல் நிரப்புவதுதான் பழைய வழி. நல்ல கிராவல் கிடைக்கும் இடமோ வெகுதூரம். அதனால் முதலில் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன்மேல் ஜியோகிரிட் வலை, பிறகு ஜல்லி என்று முடிவாயிற்று. துணிக்கு ஒரு வேலை, வலைக்கு வேறு வேலை. துணி தண்ணீரை விடும், சேற்றை மேலே ஏற விடாது. வலையின் கண்களில் ஜல்லி சிக்கி இறுகிக்கொள்வதால், சக்கரம் ஏறும்போது பக்கவாட்டில் நழுவாது. கல்லின் அளவும் கண்ணின் அளவும் பொருந்தாவிட்டால் வலை போட்டும் பயனில்லை.

விரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்களோடு வேலை செய்த அக்கா ஒருவர், களத்தில் மிளகாய் காயப்போடப் படுதா விரித்துப் பழகியவர். துணியில் எங்கே சுருக்கம் விழுந்தாலும் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். "சார், இந்த இடம் தூக்கிக்கொண்டு நிற்கிறது" என்பார். இழுத்துச் சரிசெய்த பிறகே ஜல்லி கொட்டுவோம். மண் எவ்வளவு பலவீனமோ அவ்வளவுக்கு ஒரு விரிப்பின்மேல் அடுத்தது ஏறியிருக்க வேண்டும்; மிகவும் தொளதொளத்த இடங்களில் 90 சென்டிமீட்டர் வரைகூடப் போகும். டிப்பர் வெறும் வலைமேல் ஏறவே கூடாது. கொட்டிய ஜல்லியின் மேலேயே பின்னோக்கி வந்து அடுத்த லோடைக் கொட்ட வேண்டும். அவசரத்தில் ஓட்டுநர்கள் அங்கேயே வண்டியைத் திருப்பப் பார்ப்பார்கள். அந்த ஒரு திருப்பத்தில் வலை சுருண்டுவிடும்.

வலை போட்டால் ஜல்லி அடுக்கின் தடிமனைக் குறைக்கலாம் என்று கணக்குக் காட்டுவார்கள். விதியிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் கரிசலில் அந்தச் சிக்கனம் எனக்குச் சம்மதமில்லை. மண் உப்புவதையும் சுருங்குவதையும் எந்த வலையும் நிறுத்திவிடாது. ஓரத்தில் நீளவாக்கில் விழும் வெடிப்பைத்தான் மட்டுப்படுத்தும். பக்கத்து வாய்க்கால் தூர்ந்து தண்ணீர் தேங்கினால் மேலே செய்ததெல்லாம் வீண்.

சில மழைக்காலங்கள் கழித்து, குடிநீர்க் குழாய்க்காக அந்தச் சாலையைக் குறுக்கே வெட்டினார்கள். குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். துணிக்கு மேலே ஜல்லி கழுவிவைத்ததுபோல் இருந்தது. கீழே கரிசல், நடுவே கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. துணி போடாத பழைய பகுதியிலும் ஒரு வெட்டு இருந்தது. அங்கே சேறு ஒரு சாண் உயரத்துக்கு ஏறி, எது கல் எது மண் என்று பிரிக்க முடியாமல் கிடந்தது.

குழாய் பதித்தவர்கள் தோண்டிய மண்ணையே தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். வெட்டுப்பட்ட துணியையும் வலையையும் இருபுறமும் ஏற்றிப் போட்டு ஒட்டுப்போட வேண்டும், மேலே புது ஜல்லிதான் நிரப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாலை வெட்ட அனுமதி தரும் ஒவ்வொரு உத்தரவிலும் இந்த நிபந்தனை இடம்பெற வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.