ஏழாம் வகுப்பு நாட்குறிப்பு: சத்தம் எழுவதற்கு முன்

ஜூன் 9

விதிகளை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் வகுப்பு ஒழுங்காகிவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. "ஒழுங்காக இருக்க வேண்டும்" என்ற வாக்கியத்தைப் படிக்கும் பிள்ளைக்கு, மணி அடித்ததும் எந்த நோட்டை எடுப்பது, எழுதி முடித்தபின் என்ன செய்வது, பேனாவில் மை தீர்ந்தால் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அப்போதும் தெரியாமலேதான் இருக்கும். எம்மர், எவர்ட்சன், ஆண்டர்சன் ஆகிய அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் மூவர் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களை ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே கவனித்து 1980இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டுகிறது: வகுப்பைத் திறம்பட நடத்தியவர்கள் இத்தகைய நடைமுறைகளையும் ஒரு பாடத்தைப் போலவே விளக்கி, செய்யவைத்துப் பழக்கியிருக்கிறார்கள்.

ஆகவே இன்று நோட்டுகளைச் சேகரிப்பதையே ஒரு பயிற்சியாக வைத்துக்கொண்டேன். யாரும் எழுந்திருக்காமல், ஒவ்வொரு பெஞ்சிலும் நோட்டுகளை நடைபாதைப் பக்கம் நகர்த்த வேண்டும்; ஓரத்தில் இருப்பவர் அவற்றை அடுக்கி முன்பெஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். முதல் முறை ஒரே கூச்சல். பாதி அடுக்கு தரையில் சரிந்தது. யாரையும் கடிந்துகொள்ளாமல் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் செய்யச் சொன்னேன். இம்முறை அடுக்கு சரியாமல் மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஜூன் 17

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வைப் பற்றி ஆசிரியர் அறையில் இன்று நெடுநேரம் பேசினோம். தம் விரிவுரையின்போது செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை அவர் கண்டிக்க, அருகில் இருந்த மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். கண்டிப்பு இப்படி அலையாகப் பரவுவது ஏன் என்று ஆராயத் தொடங்கியவர், பல வகுப்பறைகளின் ஒளிப்பதிவுகளை அலசி 1970இல் வந்தடைந்த முடிவோ வேறு. குறும்பு நடந்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதற்கும் வகுப்பு எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதையும் அவர் காணவில்லை. வகுப்பின் எல்லா மூலைகளிலும் நடப்பதை அறிந்திருப்பது, அப்படி அறிந்திருப்பதைப் பிள்ளைகளும் உணரச் செய்வது, பாடத்தின் ஓட்டத்தைத் தாமே முறிக்காமல் இருப்பது ஆகியவைதாம் நல்ல வகுப்பைத் தனித்துக் காட்டின.

கடைசியாகச் சொன்னது எளிதில் கவனத்துக்கு வராதது. எல்லோரையும் புத்தகத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு நடுவில் வருகைப்பதிவேட்டைத் தேடுவதும், புதிய பகுதியைத் தொடங்கிவிட்டு "நேற்றைய வீட்டுப்பாடம் எத்தனை பேர் முடித்தீர்கள்?" என்று பின்னோக்கிப் போவதும் வகுப்பைக் கைவிடும் கணங்கள். பேச்சுச் சத்தம் பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான் எழுகிறது. என் பாடக்குறிப்பில் இப்போது பாடப்பொருளோடு, ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்கு எப்படி நகர்வது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 25

தாவரச் செல்லின் படத்தை எல்லோரும் வரைந்துகொண்டிருந்தபோது, மூன்றாம் பெஞ்சில் ஒரு மாணவன் ஜியோமெட்ரி பாக்ஸின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். பக்கத்தில் இருந்தவளின் பென்சில் நின்றுவிட்டது. நான் பேசிக்கொண்டே நடந்து அவன் அருகில் நின்று, அவன் நோட்டில் இருந்த படத்தின் மேல் விரலை வைத்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "உட்கருவைக் குறிச்சிட்டியா? முடிச்சதும் என்கிட்ட காட்டு" என்றேன். மூடி மூடியது, பென்சில் கைக்கு வந்தது. வேறு யாரும் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை.

கண்டிப்பை அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னபோது இடையூறு குறைந்தது என்று உளவியலாளர் ஓ'லியரியும் உடன் ஆய்வாளர்களும் 1970இல் பதிவு செய்திருக்கிறார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. உரத்த கண்டிப்பு வகுப்பு முழுவதையும் பார்வையாளர்களாக்கிவிடுகிறது. பலர் பார்க்க அடங்கிப்போவது பன்னிரண்டு வயதில் பெரிய அவமானம் என்பதால், அந்தப் பிள்ளை எதிர்த்துப் பேசியே ஆக வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறது.

ஜூலை 2

ஒருவர் செய்த தவறுக்கு வகுப்பு முழுவதையும் நிற்க வைக்கும் வழக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. தவறு செய்யாத பிள்ளை அதிலிருந்து கற்பது, ஒழுங்காக இருந்தும் பயனில்லை என்பதைத்தான்.

ஜூலை 8

அமைதியாக இருக்கும் வகுப்பெல்லாம் கற்கும் வகுப்பு ஆகிவிடாது. சுவரோரம் இருக்கும் சில மாணவிகள் யாருக்கும் தொல்லை தருவதில்லை. பாடத்துக்குள் வருவதும் இல்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் விடைக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அளவே என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். முந்திக்கொண்டு கை தூக்குபவர்களே எல்லா விடையும் சொல்லும் வகுப்பில் மற்றவர்களின் கவனம் சிதறுவது இயல்பு. அதனால் கேள்வியைக் கேட்டுவிட்டு எல்லோரையும் விடையின் முதல் வரியை நோட்டில் எழுதச் சொல்கிறேன். அதன் பிறகே ஒருவர் பெயரை அழைக்கிறேன். இன்று செல்சுவர் பற்றிய கேள்விக்குச் சுவரோரத்திலிருந்து வந்த விடை, முன்பெஞ்சு விடையைவிடத் தெளிவாக இருந்தது.

ஜூலை 14

1968இல் வெளிவந்த ஓர் ஆய்வு: முதல் வகுப்பொன்றில் ஆசிரியர்கள் "உட்கார்" என்று அடிக்கடி சொல்லச் சொல்ல, எழுந்து நிற்கும் பிள்ளைகள் அதிகமானார்கள், உட்கார்ந்து வேலை செய்தவர்களைப் பாராட்டியபோது அது குறைந்தது. சொன்ன கணத்தில் பிள்ளை உட்கார்ந்துவிடுவதால் அதட்டல் பலித்ததாக ஆசிரியருக்குத் தோன்றுகிறது; கவனம் கிடைத்துவிட்டதால் பிள்ளை மறுபடியும் எழுகிறது. பாராட்டு என்றால் பொத்தாம்பொதுவாக "வெரி குட்" என்பதன்று. "கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு எழுதத் தொடங்கியிருக்கிறாய்" என்று செய்ததைப் பெயரிட்டுச் சொல்ல வேண்டும்.

வியாழனன்று இரண்டாம் பாடவேளையில் சக ஆசிரியை ஒருவர் கடைசி பெஞ்சில் அமர்ந்து, நான் திருத்திச் சொல்லும் இடங்களையும் பாராட்டும் இடங்களையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடாக, தனித்தனிப் பத்திகளில் குறித்துத் தர இசைந்திருக்கிறார். யார் யாருக்கு எது போகிறது என்று தெரிவதற்காக, பெஞ்சு வாரியான இருக்கை வரைபடத்தையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன்.