இரண்டென்று எண்ணிய ஒரு டயாட்டம்

மலை ஏரியின் கற்களில் பழுப்பாகப் படிந்த வழுவழுப்பைப் பல்துலக்கியால் தேய்த்துக் குப்பியில் சேர்க்கக் கால் மணி நேரம் போதும். அதில் இருந்த ஒரு டயாட்டத்துக்கு, அதாவது சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச் செல் பாசிக்கு, பெயர் வைக்க எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

டயாட்டத்தின் அடையாளம் அதன் சிலிக்கா ஓட்டில் இருப்பதால், உள்ளிருக்கும் கரிமப் பொருளை முதலில் நீக்கியாக வேண்டும். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரேயடியாக ஊற்றியதில் என் முதல் மாதிரி பொங்கி வழிந்து பாதி வீணாயிற்று. மறுமுறை சிறுகச் சிறுக ஊற்றி, ஓடுகள் அடியில் படியக் காத்திருந்து பலமுறை கழுவி, ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.7 உள்ள பிசினில் பதித்தேன். சாதாரணப் பிசினில் ஓட்டின் வரிகள் மங்கிவிடும்.

நுண்ணோக்கியில் கோம்போனீமா பேரினத்தைச் சேர்ந்த இரு வடிவங்கள் தெரிந்தன: ஒன்று நீண்டு மெலிந்தது, மற்றது குட்டையாகப் பருத்தது. இரண்டுக்கும் தனித்தனி விவரணம் எழுதத் தொடங்கியதுதான் என் பெரும்பிழை. டயாட்டம் பிளவுறும்போது புதிய ஓடு பழைய ஓட்டின் உள்ளேயே உருவாவதால் தலைமுறைதோறும் சராசரி அளவு குறைகிறது. நீளம் குறையும் அளவுக்கு அகலம் குறைவதில்லை என்பதால் உருவமே மாறிவிடுகிறது. கிடைத்த ஓடுகளையெல்லாம் படமெடுத்து நீள வரிசையில் அடுக்கியபோது, அந்த இரு வடிவங்களும் இடைவெளியின்றி ஒரே தொடராக இணைந்தன. 10 மைக்ரோமீட்டருக்குள் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் இரண்டிலும் ஒன்றே. இரண்டாம் விவரணத்தை அன்றே கிழித்தேன்.

அடுத்து, அது ஏற்கெனவே பெயர் பெற்றதன்று என நிறுவ வேண்டியிருந்தது. பழைய விவரணங்கள் சில இரண்டு வரியும் ஒரு கோட்டோவியமுமாக நின்றுவிடுவதால், ஹெர்பேரியங்களில் (தாவர, பாசி மாதிரிகளைக் காக்கும் காப்பகங்களில்) உள்ள மூல ஸ்லைடுகளின் படங்களைக் கேட்டுப் பெற்று ஒப்பிட்டேன். அதிகக் காலத்தை விழுங்கியது இதுவே. ஒளி நுண்ணோக்கிக்கு எட்டாத துளைகளின் வடிவத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் நெருங்கிய உறவினத்திலிருந்து அதைப் பிரிக்க முடிந்தது.

புதிய பாசி இனத்துக்கு 2012 முதல் லத்தீன் விவரணம் கட்டாயமில்லை, ஆங்கிலமே போதும். பெயர் மட்டும் லத்தீன் இலக்கணத்தை விடுவதில்லை: ஏரியின் பெயரோடு ‘என்சிஸ்’ சேர்த்திருந்தேன், கோம்போனீமா என்பது ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத அலிப்பால் சொல் என்பதால் ‘என்சே’ என்றே வரவேண்டும் எனத் திருத்தி அனுப்பினார் மதிப்பீட்டாளர். கட்டுரையில் பெயரைத் திருத்திய பின், ஹெர்பேரியத்தில் ஒப்படைக்கவிருந்த ஹோலோடைப் ஸ்லைடின் (புதிய பெயருக்கு அடிப்படையான மூல மாதிரியின்) சீட்டையும் உரித்து மறுபடி எழுதி ஒட்டினேன்.