காற்று அடங்கினால் கப்பல்

மே 27

பாஸ்போட் கைக்கு வந்துவிட்டது. படத்தில் அப்படியே அம்மா.

மே 30

கொமினிகேஷனில் இரண்டு மணித்தியாலம். விசா விண்ணப்பத்தை அந்தத் தம்பிதான் நிரப்பினான். தகப்பன் பிறந்த இடம் நுவரெலியா. தாய் பிறந்த இடம் பண்டாரவளை. என் பிறந்த இடம் கிளிநொச்சி. மட மடவென்று அடித்துக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நின்று திரையை என் பக்கம் திருப்பினான்.

"அக்கா, இதில என்ன போடுறது?"

கல்யாணமானவரா, ஆகாதவரா. பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.

"ஆனவர் என்று போடு தம்பி."

அப்படிப் போட்டால் அவருடைய பெயர், பிறந்த ஊர், நாட்டுரிமை எல்லாம் கேட்கிறது. பதினாறு வருசத்துக்குப் பிறகு அவர் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். ஓர் எழுத்தைப் பிழையாக அடித்தான். திருத்தச் சொன்னேன். திருத்தின பிறகும் ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

ஜூன் 1

ஆராதனை முடிந்து போகிற ஒன்பது பேரையும் போதகர் ஐயா இருக்கச் சொன்னார். விசா விசயம். நாங்கள் போவது சுற்றுலா விசாவில். இந்தியாவில் மிஷனரிகளுக்கென்று தனி விசா இருக்கிறதாம். அது இல்லாமல் தெருவில் நின்று பிரசங்கம் பண்ணுவதோ துண்டுப்பிரசுரம் கொடுப்பதோ கூடாது. "போவோம், தரங்கம்பாடியில் ஜூலை ஒன்பதாம் தேதி ஆராதனையில் நிற்போம், சனங்களோடு இருப்போம், சேர்ந்து சாப்பிடுவோம். அவ்வளவுதான்" என்றார்.

கீபோட் வாசிக்கிற பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப இது மிஷன் பயணம் இல்லையா ஐயா?" என்று கேட்டான்.

ஐயா உடனே பதில் சொல்லவில்லை. எனக்கும் அதே கேள்விதான். மூன்று மாதமாக எல்லோரிடமும் மிஷனுக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் விடைபெறுகிறேன். சீட்டுக் காசை முந்தி எடுத்ததும் அந்தப் பெயரைச் சொல்லித்தான்.

ஜூன் 2

கப்பல் ஓடுதா என்று அப்பா இன்று மட்டும் ஐந்து தடவை கேட்டார்.

ஜூன் 5

நித்திரை இல்லை. வெறுங்கையோடு போகிறோமா என்பதே ஓடிக்கொண்டிருக்கிறது.

2009க்குப் பிறகு எங்களிடம் எத்தனை குழுக்கள் வந்தன. கொழும்பிலிருந்து, வெளிநாடுகளிலிருந்து. வெள்ளை வான் வண்டியில் வந்து இறங்குவார்கள். நாங்கள் வரிசையில் நிற்போம். பையில் சவர்க்காரம், பற்பசை, துவாய், பிள்ளைகளுக்குக் கொப்பி. நன்றி கெட்டுச் சொல்லவில்லை. அந்தத் துவாய் ஏழு வருசம் உழைத்தது. ஆனால் நீட்டின கை என் உடம்பில் இன்னும் இருக்கிறது. படம் எடுக்கும்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றதும் இருக்கிறது.

அந்தக் குழுக்களில் ஒரே ஒருவரை மட்டும்தான் முகத்தோடு ஞாபகம். அறுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா. மற்றவர்கள் முன்பள்ளிச் சுவருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவ எங்கள் அடுப்படிக்கு வந்து, கதிரை கொடுத்தும் வேண்டாம் என்று, பலகைக்கட்டையில் என் பக்கத்தில் குந்தினா. சட்டைப் பையில் மோதிரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்கத் தொடங்கினா. எனக்கு அவவின் பாஷை தெரியாது, அவவுக்கு என்னுடையது தெரியாது. ஐந்து கிலோ வெங்காயம். இரண்டு பேருக்கும் கண்ணீர் வழிந்தது. இடையில் ஒரு கட்டத்தில் எனக்கு வெங்காயத்துக்காக வரும் கண்ணீர் முடிந்து மற்றது வந்துவிட்டது. அவ கண்டுகொண்டா. உரிக்கிறதை நிறுத்தவும் இல்லை, என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை. முழங்காலை மட்டும் என் முழங்காலோடு சேர்த்து வைத்துக்கொண்டா.

சுவர் நீலம் உரிந்து பல வருசம்.

ஜூன் 6

முன்பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகள், பதினைந்து பாய். சம்பளம் இல்லாத மாதம். வேறொன்றும் எழுத இல்லை.

ஜூன் 9

அப்பாவுக்கு இந்தியா என்றால் ஓர் இடம்தான். அங்கே அத்தை இருக்கிறா. (பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாமி என்பார்கள். எங்கள் வீட்டில் இன்னும் அத்தைதான்.)

1964இல் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவின் சாஸ்திரியும் இலங்கையின் சிறிமாவும். தோட்டத்துச் சனத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று கணக்குப் பிரித்தார்கள். ஒரே லயத்து வரிசை வீட்டில், ஒரே காம்பராவில் பிறந்த அக்கா அந்தக் கணக்கில், தம்பி இந்தக் கணக்கில். அத்தை போனது அதற்கும் பல வருசம் கழித்து, தலைமன்னார் வழியாக. ஸ்டேசனில் கோச்சி நகரும்போது அப்பா கூடவே ஓடினாராம். அத்தை ஜன்னல் வழியாகத் தன் தலைமுடியிலிருந்த சீப்பை எடுத்துக் கொடுத்தாவாம். கொடுக்க வேறொன்றும் கையில் இல்லை. 77 கலவரத்தோடு அப்பாவும் மலையை விட்டு வன்னிக்கு வந்தார். காடு வெட்டின இடத்தில் கொட்டில் போட்டு, கிடுகு வேய்ந்து, அந்தச் சீப்பைக் கூரை வளையில் செருகி வைத்திருந்தார். பிறகு எத்தனை தடவை இடம்பெயர்ந்தோம். சீப்பு எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.

"நீ எறங்குன ஒடனே அக்காவப் பாத்துரு புள்ள" என்கிறார்.

அப்பா, அத்தையின் கடைசிக் கடிதம் கோத்தகிரியிலிருந்து. நாங்கள் இறங்குகிற நாகப்பட்டினம் கடற்கரை. கோத்தகிரி அந்தக் கரையில் இல்லை, அது மலை. ஒரு பகல் ஓட்டம் வேண்டும்.

"மலதான? ஏறிப் போ."

ஜூன் 11

பாலைப்பழம் வந்துவிட்டது. பிள்ளைகள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள், உதடெல்லாம் பிசின். அங்கே கொண்டு போக முடிந்தால் நன்றாக இருக்கும். ஒரு நாளும் தாங்காது.

ஜூன் 14

ஐயா கொடுத்த சிறு புத்தகத்தை முடித்தேன். மிஷனரிமார் சீகன்பால்க் ஐயரும் புளுச்சோ ஐயரும் டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக் அனுப்பி 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். ஏழு மாதம் கடலில். எங்களுக்கு நாலு மணித்தியாலம். இறங்கின இடத்தில் இருந்த டென்மார்க் தளபதியே அவர்களை விரும்பவில்லை. இரண்டு வருசம் கழித்து சீகன்பால்க் ஐயரைப் பிடித்துக் கோட்டைக்குள் நாலு மாதம் அடைத்தும் வைத்தான். புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது 1715இல். 1719இல் இறந்தார், வயது முப்பத்தாறு. தான் கட்டின புது எருசலேம் கோயிலுக்குள்ளேயே அடக்கம். நாங்கள் ஒன்பதாம் தேதி நிற்கப்போவது அங்கே.

இவையெல்லாம் அப்பா வேதபாடம் நடத்தின ஞானோபதேச வகுப்பில் சொல்லித் தந்ததுதான். என்னை நிறுத்தினது வேறு. வந்த ஐயர் முதல் வேலையாகப் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு கிழட்டு வாத்தியாரைப் பிடித்து, அவருடைய பள்ளிப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். இருபத்து நாலு வயது மனிதர், படித்தவர்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். முகாமில் எங்களுக்குச் சிலேட் இல்லை, கொப்பி இல்லை. கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் இடையில் இருந்த மண்ணைக் கையால் தட்டிச் சமப்படுத்தி, பிள்ளைகளை வட்டமாக இருத்தி, அ போட்டுக் காட்டினேன். ஒரு சின்னவள் அ போட்டு முடித்ததும் அதன் வயிற்றுக்குள் ஒரு கல்லை வைப்பாள். ஏன் என்று கேட்டால், "ரீச்சர், அது பசியா இருக்கு." ஒவ்வொரு நாளும் வைப்பாள். வகுப்பு முடிந்ததும் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

இப்போது அவளுக்கு இருபது தாண்டியிருக்கும்.

ஜூன் 17

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலெல்லாம் புழுதி. இரணைமடுத் தண்ணீர் வயலுக்கு ஓடுகிறது, அதனால் சிறுபோகம் பச்சையாக நிற்கிறது. மற்றதெல்லாம் மண்நிறம். இந்தக் காற்றில் கடல் எப்படி இருக்கும்?

ஜூன் 18

காற்று.

ஜூன் 20

தம்பி வீட்டில் பேச்சு முற்றிவிட்டது. ஒன்பது நாள் அப்பாவை யார் பார்ப்பது? காலையில் பிரஷர்க் குளிசை, இரவில் சீனிக் குளிசை. மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லச் சொல்ல தம்பி பெண்சாதி முகத்தைத் திருப்பினா. அவவிலும் பிழை இல்லை, தோட்டவேலை, இரண்டு பிள்ளை. நான்தான் குரலை உயர்த்திவிட்டேன். "ஆண்டவர் வேலைக்குப் போறன்" என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பாவுக்குக் குளிசை கொடுக்கிறது யாருடைய வேலை?

இரவில் மருமகள் தானாக வந்தாள், பதினான்கு வயது. இரண்டு பால்மா ரின் கொண்டு வந்து ஒன்றில் சூரியனும் மற்றதில் நிலவும் ஒட்டியிருந்தாள். "நான் குடுப்பன் அத்தை, எனக்கு விளங்கும்."

ஜூன் 23

விசா கிடைத்துவிட்டது! ஒன்பது பேருக்கும்.

ஜூன் 26

பை கட்டினேன். பனங்கட்டிக் குட்டான் பத்து, ஒடியல்மா, முறிகண்டியில் வாங்கின வறுத்த கச்சான் கடலை, தேன் ஒரு போத்தல் (மூடிக்கு மெழுகு ஊற்றி, மூன்று பொலித்தீன்). அவருடைய படத்தை வைத்தேன். எடுத்தேன். பிறகு வேதாகமத்துக்குள் வைத்தேன். சங்கீதங்கள் இருக்கிற இடத்தில்.

அத்தையின் கடிதத்தை அப்பா மடித்துத் தந்தார். மடிப்பில் மடிப்பாகக் கிழிந்து நாலு துண்டு, உள்ளே வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. முகவரியில் ஊர் மட்டும்தான் வாசிக்கலாம். போதகர் ஐயாவிடம் கேட்டேன், ஒன்பது பேரோடு கோத்தகிரிக்குத் திரும்ப முடியாது என்றார், சரிதான். அங்கே சபைக்காரர் யாரிடமாவது கொடுத்து விசாரிக்கலாம் என்றார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பையின் மேல் ஜிப்பில் வைத்துக்கொண்டேன். அவர் பார்க்க வைத்தேன்.

ஜூன் 29

இன்று பீடத்துக்கு முன்னால் ஒன்பது பேரையும் முழங்காலில் நிறுத்தி ஜெபித்தார்கள். முழுச் சபையும் வந்து தலையில் கை வைத்தது. முழுச் சபை என்றால் நாற்பது பேர். அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். அவர் கை நடுங்கினது. என் தலையில் வைத்தபடி ஜெபத்துக்குப் பதிலாக ஞானோபதேசத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார், பத்துக் கற்பனைகளில் (கட்டளைகளில்) முதலாவதிலிருந்து, லயத்தில் படித்த அதே இராகத்தில். ஒவ்வொரு கற்பனைக்கும் பிறகு நிறுத்தி, "இதற்கு அர்த்தம் என்ன?" என்று என்னைக் கேட்டார். ஒருவரும் அவரை நிறுத்தவில்லை. நான் பதில் சொன்னேன். மூன்றாவதில் தடுமாறினேன், கீபோட் பிள்ளை மெதுவாக எடுத்துக் கொடுத்தான்.

ஜூலை 1

தரங்கம்பாடியிலிருந்து ஓர் அம்மா போனில் பேசினா, அந்தச் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிறா. சுனாமியில் அங்கேயும் மீனவர் குப்பத்தில் நிறையப் பேர் போனார்களாம். நான் முல்லைத்தீவைச் சொன்னேன். அதே காலை, அதே கடல். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. பிறகு ஒன்பதாம் தேதி எல்லோருக்கும் சாப்பாடு அவர்கள் பொறுப்பு என்றா. எத்தனை பேருக்கு என்று கேட்டேன். முந்நூறு இருக்கும் என்றா.

"வெங்காயம் உரிக்க ஆள் வேணுமா அம்மா?"

"வாங்க வாங்க, அதுக்குத்தானே ஆள் கிடைக்கமாட்டேங்குது!"

ஜூலை 2

கப்பல் முகவர் போன் எடுத்தார். காற்று கூடினால் நாளன்றைக்குக் கப்பல் விடமாட்டார்களாம். நாளை பின்னேரம்தான் உறுதியாகச் சொல்வார்கள்.

ஜூலை 3

பகல் 2 மணி: தகவல் இல்லை.

4.30: இல்லை. முற்றத்து வேப்பமரம் வளைந்து வளைந்து நிமிர்கிறது.

6.10: ஓடும் என்றார்கள். இப்போதைக்கு ஓடும். வான் இரவு 1 மணிக்கு. பரந்தன், ஆனையிறவு, பிறகு நேரே காங்கேசன்துறை.

இரவு 11. அப்பா நித்திரை கொள்ளவில்லை. வாசல் கட்டிலில் கால் தொங்கப்போட்டு இருக்கிறார். சற்றுமுன் கூப்பிட்டார். கப்பலைப் பற்றித்தான் கேட்பார் என்று போனேன். பெட்டியைத் திறந்து ஒரு புதுச் சீப்பு எடுத்துத் தந்தார், சந்தையில் வாங்கினது, விலை ஒட்டின தாள்கூட இருக்கிறது. யாரை விட்டு வாங்கினார், எப்போது வாங்கினார் என்று தெரியவில்லை. கடிதத்தோடு வைக்கச் சொன்னார்.

மேல் ஜிப்பில் இடம் இல்லை. தேனை வேறு பைக்கு மாற்ற வேண்டும்.