அறுபத்தாறா, எழுபத்தாறா

மெக்ஸிகோ சப்ளையர்களுக்குப் போக வேண்டிய தொகையை ஃபோனில் ஸ்பானிஷில் சொல்வது எங்கள் டீமின் வேலை. அப்படிப் பேசிய ஒரு காலின் ரெக்கார்டிங்கை இப்போது கேட்டாலும் என்னால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. தம்பி (எங்கள் டீம் பையன்) சொன்னது 'ஸெஸெந்தா இ ஸெய்ஸ் மில்'லா, 'ஸெதெந்தா இ ஸெய்ஸ் மில்'லா? அதாவது அறுபத்தாறாயிரமா, எழுபத்தாறாயிரமா? மறுமுனையில் இருந்த கொந்தாதோரா (அங்கே பெண் கணக்காளரை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்) "ஸெதெந்தா இ ஸெய்ஸ்" என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வது தெளிவாகவே கேட்கிறது. அதற்குத் தம்பி "ஸி, ஸி" (ஆமாம், ஆமாம்) என்று சொல்வதும் கேட்கிறது. அந்த "ஸி, ஸி"யை வைத்துத்தான் அவனை ஃபோன் வேலையிலிருந்து எடுத்தேன்.

இன்வாய்ஸ் 76,000 பெசோ. திருப்பி அனுப்பிய சரக்குக்கு 10,000 பெசோவுக்கு கிரெடிட் நோட். போக வேண்டியது 66,000. கொந்தாதோராவின் மேசையில் இருந்த தாளில் 76 என்றுதான் இருந்திருக்கும். கண்ணெதிரே 76 இருந்தால் காதிலும் 76தான் விழும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரெக்கார்டிங்கைக் கேட்ட அன்றே கூப்பிட்டுச் சரியான தொகையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கின்செனாவுக்கென்று எழுதி வைத்துவிட்டேனே" என்று மட்டும் சொன்னார். மெக்ஸிகோவில் நிறைய இடங்களில் மாதத்துக்கு இரண்டு முறை சம்பளம்: 15ஆம் தேதி ஒன்று, மாதக் கடைசியில் ஒன்று. அதற்குத்தான் கின்செனா என்று பெயர். அது சின்னப் பட்டறை. வரும் என்று நம்பிய பணத்தில் 10,000 குறைந்தால் அங்கே யாரோ ஒருவருடைய சம்பளம் தள்ளிப்போகும். அது யாருடையது என்பது எங்களுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

அன்று ராத்திரி ஷிஃப்ட் தொடங்கியதும் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு ஃபோன் வேண்டாம், மெயில் கியூ பாருப்பா."

"நான் ஸெஸெந்தான்னுதான் சொன்னேன் அக்கா."

"சொல்லியிருப்பே. அவங்க திருப்பிச் சொன்னப்போ ஸின்னுட்டியே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "எழுத்துல எனக்குப் பிரச்சினையே இல்லக்கா. காதும் வாயும்தான் பழகணும். அதையே எடுத்துட்டீங்க" என்றான்.

இந்தக் கடைசி வார்த்தைக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. டீமில் எல்லோருக்கும் பொதுவான விஷயம் என்று ஏதோ சொல்லி முடித்தேன்.

அவன் சொன்னது உண்மைதான். ஸ்பானிஷில் பி1 (நடுத்தர நிலை) தேர்வு முடித்துவிட்டு வந்தவன். எண்களின் இலக்கணத்தை எங்கள் டீமில் அவன் அளவுக்குச் சுத்தமாக எழுதுகிறவர்கள் யாருமில்லை. ஃபக்தூரா (இன்வாய்ஸ்) பெண்பால், அதனால் இருநூறு இன்வாய்ஸ் என்றால் 'தோஸ்ஸியெந்தாஸ்' என்றுதான் எழுத வேண்டும் என்று மெயிலில் பழைய ஆட்களையே திருத்துவான். 16 முதல் 29 வரை ஒரே சொல்லாகச் சேர்ந்துவிடும், 31 முதல் நடுவில் 'இ' (இங்கிலீஷ் 'and' மாதிரி) வரும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

புதிதாக வருபவர்களுக்கு எண்களை நான்தான் நடத்துகிறேன். தமிழ் தெரிந்தவர்களுக்குச் சில இடங்கள் சுலபமாகவே வரும். தனி நூறு 'ஸியென்'. பின்னால் சின்ன எண் ஒட்டினால் 'ஸியெந்தோ'. நாம் நூறு என்றும் நூற்று ஒன்று என்றும் சொல்கிற மாதிரியேதான், விளக்கவே வேண்டாம். ஆனால் பின்னால் ஆயிரம் வந்தால் மறுபடி 'ஸியென் மில்', அதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆயிரத்துக்கு வெறும் 'மில்', முன்னால் 'ஒரு' கிடையாது. அதுவும் நம் வாய்க்குப் பழக்கமானது. இங்கிலீஷிலேயே யோசிக்கிறவர்கள்தான் நூறுக்குப் பின்னால் ஓர் 'இ' சேர்த்து 'ஸியெந்தோ இ த்ரெஸ்' என்பார்கள். அந்த 'இ' பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் மட்டும்தான் வரும். 500, 700, 900 மூன்றும் விதிக்குள் அடங்காது, மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

ஆனால் 60, 70 மட்டும் நம் நாக்குக்கு ஆகாது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கே வெகுகாலம் ஆனது. நாம் 'அது', 'இது' என்று சொல்லும்போது நடுவில் வரும் 'த' மெலிந்துதான் வருகிறது. அதே மெலிந்த 'த'வை ஸெதெந்தாவில் வைத்தால் ஃபோன் லைனில் அது 'ஸ'வோடு கலந்துவிடுகிறது. அங்கே வேண்டியது 'பத்து', 'கத்தி'யில் வருகிற அழுத்தமான த. இரண்டு சொல்லுக்கும் நடுவே வேறு வித்தியாசமே இல்லை, அந்த ஓர் எழுத்துதான். தம்பிக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தேன். வகுப்பில் சரியாகச் சொன்னான். ஆனால் வகுப்பில் யாரும் அவசரமாகப் பேசுவதில்லை, பின்னால் லேத் ஓடுகிற சத்தமும் இருப்பதில்லை.

கேட்கிற பக்கம் வேறு தொல்லை. 'ஸியெந்தோ பெய்ந்தித்ரெஸ் மில்' என்று காதில் விழுகிறது. நூற்றிருபத்து மூன்றாயிரம். மனசு உடனே அதை ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரமாக மாற்றப் பார்க்கிறது. மாற்றி முடிப்பதற்குள் அடுத்த எண் போய்விடும். 12,50,000 என்றால் இன்னும் மோசம், 'உன் மில்யோன்' (பத்து லட்சம்) என்று ஆரம்பித்ததுமே லட்சக் கணக்கு மொத்தமும் கலைந்துவிடும். லட்சத்தை மறந்துவிட்டு ஆயிரம் ஆயிரமாகக் கேட்கப் பழக வேண்டும். இதை வகுப்பில் சொல்லத்தான் முடியும். வருவது என்னவோ ஃபோனில் கேட்டுக் கேட்டுத்தான். எனக்கு அப்படித்தான் வந்தது.

நான் கற்றுக்கொண்ட வழியை அவனுக்கு அடைத்துவிட்டேனோ என்று இந்த இடத்தில்தான் மனசு இடறுகிறது.

இடறினாலும் கின்செனா நினைவுக்கு வந்துவிடும். நம் ஆள் பழகுவதற்கு அங்கே ஒரு பட்டறையின் சம்பளக் கணக்கை எப்படிக் கொடுப்பது? இதை அவனிடமும் சொன்னேன். அவன் சொன்ன பதிலும் சரியாகவே இருந்தது. "பணம் சிஸ்டத்துல இருக்கறபடிதானேக்கா போகுது. நான் வாயால சொன்னதை வச்சுப் போகலையே" என்றான். மெக்ஸிகோவில் வங்கிக் கணக்குக்கு 'க்லாபே' என்று 18 இலக்க எண் உண்டு. முதல் மூன்று வங்கிக்கு, அடுத்த மூன்று ஊருக்கு, பதினொன்று கணக்குக்கு, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. 3, 7, 1 என்று மாறி மாறிப் பெருக்கி அதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஓர் இலக்கம் மாறினாலும், ஆறுக்குப் பதில் ஏழு விழுந்தாலும், எண் செல்லாது என்று உடனே காட்டிவிடும். "அந்த அளவுக்குப் பாதுகாப்பு வச்சிருக்காங்க, நீங்க ஒரு ஸெதெந்தாவுக்குப் பயப்படறீங்க" என்றான்.

எனக்கு அதே விஷயம் தலைகீழாகத் தோன்றுகிறது. கணக்கு எண்ணுக்குக் காவல் இருக்கிறது. வாயால் சொல்லும் தொகைக்கு அப்படி எதுவும் இல்லை. தேதிக்கும் இல்லை: 'தோஸ்' என்றால் 2, 'தோஸெ' என்றால் 12, பத்து நாள் வித்தியாசம். பணம் சரியாகத்தான் போய்ச் சேரும். ஆனால் அதை நம்பி அங்கே ஒருவர் போட்ட கணக்கு தப்பிவிடும். நாங்கள் சொல்லும் எண்ணுக்கு அந்தப் பக்கம் அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

அதன் பிறகு விதி ஒன்று போட்டேன். தொகையை முதலில் சொல்லாகச் சொல்ல வேண்டும், அப்புறம் இலக்கம் இலக்கமாக: 'ஸெய்ஸ், ஸெய்ஸ்' (ஆறு, ஆறு) என்று. அவர்கள் திருப்பிச் சொன்னாலும் இலக்கமாகவே கேட்டு வாங்க வேண்டும். செக்கில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் இருப்பதுதான் செல்லும். மெக்ஸிகோவிலும் அதுதான் சட்டம், நம் நாட்டிலும் அதுதான். ஃபோனில் நான் அதைத் திருப்பிப் போட்டேன், சொல்லை நம்பாதே, இலக்கத்தை நம்பு என்று. குழப்பம் குறைந்தது, அதில் சந்தேகமில்லை. கொந்தாதோராவே இப்போது பேச்சை நிறுத்தி "ஸெய்ஸா, ஸியெதெயா?" (ஆறா, ஏழா) என்று தானாகக் கேட்கிறார்.

ஆனால் டீமில் இன்னொன்றையும் கவனிக்கிறேன். புதிதாக வந்தவர்கள் சொல்லைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இலக்கம் வரும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். போன வாரம் ஒரு சப்ளையர் நான்கு இன்வாய்ஸ் தொகைகளை மளமளவென்று சொல்லிக்கொண்டே போக, எங்கள் பெண்ணுக்கு ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மெயிலில் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். விதிப்படி அது தப்பில்லை. நான் கேட்க நினைத்ததும் அதுவா என்றால், இல்லை.

தம்பி இப்போதும் மெயில் கியூவில்தான் இருக்கிறான். நன்றாகச் செய்கிறான், அவன் கடிதங்களைத்தான் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுகிறேன். திரும்ப ஃபோன் கேட்டு ஒருமுறைகூட வரவில்லை. நானாகக் கூப்பிட்டிருக்கலாம். தயாரானதும் அவனே கேட்பான் என்று இருந்தேன். நான் கொடுத்தால்தான் உண்டு என்று அவன் இருந்திருக்கலாம்.

அடுத்த மாதம் புது பேட்ச் வருகிறது. முதல் சில வாரங்களுக்குப் புதியவர்கள் தொகையைச் சொல்லாகவே பேசட்டும், பக்கத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்து தவறினால் அதே ஃபோன் காலிலேயே திருத்தட்டும் என்று மேனேஜருக்கு எழுதியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார ஆள் ஏது என்று அவர் கேட்டிருக்கிறார். தம்பியின் பெயரைக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அவனிடம் இன்னும் கேட்கவில்லை.