அணைக்கரை தாண்டி கங்கைகொண்ட சோழபுரம்

கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போகிற பஸ் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கும். ஜன்னலோர சீட் கிடைத்தால் அந்தக் கீழணையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 1836-ல் அதைக் கட்டியபோது, நாம் கும்பிடப் போகிற கோயிலின் மதிலை ஏறக்குறைய முழுசாகப் பெயர்த்து வந்து போட்டார்கள். சிற்பக் கற்களும் தப்பவில்லை. ஊர் ஜனங்கள் முடிந்த மட்டும் தடுத்துப் பார்த்தார்கள்; தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்ற வாக்கும் காற்றோடு போயிற்று.

அன்றைய கம்பெனி சர்க்காருக்கு இது கைக்கெட்டிய கருங்கல் குவியல். அப்புறம் நினைவுச் சின்னம் என்றார்கள், தொல்லியல் துறை வந்தது, புல்வெளி வந்தது. பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் புல்வெளியைத் தாண்டும்வரை எனக்குப் பூங்காவுக்கு வந்த நினைப்புதான். பதின்மூன்றடி உயரப் பிரகதீஸ்வரர் முன்னால், அண்ணாந்து நின்று தீபாராதனை பார்க்கும்போதுதான் கோயில் கோயிலாகிறது.

வடக்கு வாசல் படியோரம், சிவனடியாரான சண்டேசர் அருள்பெறும் சிற்பம். உமையோடு அமர்ந்த சிவன், கீழே கைகூப்பிக் குனிந்திருக்கும் பிள்ளையின் தலையில் பூமாலையைச் சுற்றிவிடுகிறார். கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழனுக்கே முடிசூட்டுவதாகவும் சொல்வார்கள். எனக்கு அது சண்டேசராக இருந்தாலே போதும்.

நான் போன அன்று அந்தச் சிற்பத்தில் குங்குமம் வைக்கப் போன ஒரு அம்மாவைக் காவலாளி தடுத்தார்.

“சாமிக்கு வைக்காம வேற யாருக்குப்பா வைக்கிறது?”

“உள்ள இருக்கிற சாமிக்கு வைங்கம்மா. இது ஆயிரம் வருஷத்துக் கல்லு.”

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே குங்குமத்தைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். என் ஓட்டு காவலாளிக்குத்தான். எண்ணெயும் குங்குமமும் ஏறி முகமே தெரியாமல் போன சிற்பங்களை எத்தனை கோயில்களில் பார்க்கிறோம்!

பக்கத்திலேயே அதே சண்டேசருக்கு, சண்டிகேஸ்வரர் என்ற பெயரில் சன்னதி. சிவன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று இவர் முன்னால் இரண்டு கையையும் துடைத்துக் காட்டிவிட்டுத்தானே வெளியே வருகிறோம்? மதில் கல் வண்டியேறிய நாளில் குறுக்கே போய் நின்றவர்களும் இதே சன்னதியில் கை துடைத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். யுனெஸ்கோ தஞ்சைப் பெரிய கோயிலை 1987-லும், இதையும் தாராசுரத்தையும் 2004-லும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வழிபாடு நின்றுவிடாத சோழர் கோயில்கள் என்பதும் அந்தப் பெருமையில் சேர்த்தி. கல்லோடு பூஜையும் சேர்ந்ததுதான் சொத்து என்று உலகம் ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆனது. அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வருவதானால் ஐப்பசிப் பௌர்ணமிக்கு வாருங்கள். மூட்டை மூட்டையாக அரிசி வடித்து, அவ்வளவு பெரிய லிங்கத்தையும் சோற்றால் மூடி அன்னாபிஷேகம் செய்வார்கள். கூட்டம் நெரியும். சீக்கிரமே வந்து வரிசையில் நின்றுவிடுங்கள்.