அணையாத மஞ்சள் விளக்கு

"காத்து சரியாத்தான் இருக்கு தம்பி. வண்டிக்குத்தான் அது இன்னும் தெரியல."

பின்னாடி ரெண்டு டயரும் மாத்தி ஒரு மணி நேரம்கூட ஆகல. டேஷ்போர்டில் குதிரை லாடம் மாதிரி மஞ்சள் விளக்கு, நடுவுல ஆச்சரியக்குறி. டயர்ல காத்து குறைஞ்சா எரியுற விளக்கு அது. பதறிப்போய் திண்டிவனம் பைபாஸ் ஓரம் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன்.

பெரியவர் கேஜை வச்சு ஒவ்வொண்ணா பார்த்தார். நாலும் 33. அப்புறம் விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் தடவி, குமிழ் வருதான்னு குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தார்.

வரல.

என் வண்டியில் டயருக்குள்ள சென்சார் கிடையாது. காத்து குறைஞ்ச சக்கரம் சிறுத்து, மத்ததைவிட வேகமா சுத்தும். சக்கரம் சுத்துற வேகத்தை அளக்குற ஏபிஎஸ் (பிரேக்) சென்சார் அதை வச்சுத்தான் கண்டுபிடிக்குது. புது டயர் பக்கத்துல, முன்னாடி இருந்த தேஞ்ச டயர் ரெண்டும் அதுக்குக் காத்து இறங்கின மாதிரி தெரிஞ்சிருக்கு.

வண்டியை நிறுத்தி, இக்னிஷன் போட்டு, விளக்கு சிமிட்டுற வரைக்கும், பழைய கணக்கை அழிக்கிற செட் பட்டனை அழுத்திப் பிடிச்சேன். இனி ஓட ஓட அது புதுக் கணக்கு எழுதிக்கும்.

ஆனா காத்தை அளக்காம அந்தப் பட்டனைத் தொட்டுடாதீங்க. குறைஞ்ச காத்தையே சரின்னு எழுதிக்கும். பின்சீட்ல பிள்ளைங்க தூங்கிட்டு வர்ற வண்டி அது.

பெரியவர் காசு வாங்கல. நாலு வால்வு மூடியையும் அவரே திருகிவிட்டுத்தான் எழுந்தார்.