ஒரே மரத்து விதைகள்

சென்ற ஆண்டு ஜனவரி மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை இரவு, சமையலறை மேசையைத் துடைத்துவிட்டுப் பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து வைத்து அமர்ந்தேன். டின்னுக்குள் இரண்டு குறடுகளும், ஒரு சுருள் செப்புக் கம்பியும், பல ஆண்டுகளாக அறுந்த மாலைகளிலிருந்து சேர்த்து வைத்த மணிகளும் இருந்தன. வாரம் ஒரு நகை செய்ய வேண்டும், வெள்ளி இரவு படுக்கப் போகும் முன் அது காதிலோ கழுத்திலோ போடும் நிலைக்கு வந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டேன். அதோடு இயன்றவரை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கிடைக்கும் ஏதாவது ஒன்று ஒவ்வொரு நகையிலும் இடம்பெற வேண்டும் என்றும் முடிவு செய்தேன்.

அதற்கு முன்பும் நான் நகை செய்ததுண்டு, மனம் வந்தபோது மட்டும். கூடத்து அலமாரியில் கொக்கி மாட்டாத தொங்கட்டான்களும் பாதியில் நின்ற அட்டிகைகளும் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. பகலில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை, மாலையில் வீட்டு வேலை என்று ஓடும் நாள்களில், புதிதாக ஒன்றைத் தொடங்குவதில் இருந்த இன்பம் எனக்கு முடிப்பதில் இருந்ததில்லை. முடிக்கப் பழக வேண்டும் என்பதற்காகவே நாளைக் குறித்தேன்.

எதிரே அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மாவுக்கு 74 வயது. 16 வயதில் ரப்பர் தோட்டத்தின் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நின்று, 31 ஆண்டுகள் பால்மரம் என்னும் ரப்பர் மரம் சீவியவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “நாள் தப்பாம செய்வியா, பாப்பா?”

முதல் ஆறு வாரங்கள் வளையம் சுருட்டக் கற்பதிலேயே போயின. 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியை மணிக்குள் நுழைத்து, மேலே எஞ்சும் நுனியைச் செங்கோணத்தில் மடக்கி, பிறகு மூக்கு உருண்டையான குறட்டால் சுற்றி வளையமாக்க வேண்டும். அந்தக் குறட்டின் மூக்கு அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருப்பதால், கம்பியை எந்த இடத்தில் பிடிக்கிறோமோ அந்த அளவுக்கே வளையம் அமைகிறது. ஒரு காதுக்குரியது பெரிதாகவும் மற்றக் காதுக்குரியது சிறிதாகவும் வந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் இதுவென்று மூன்றாம் வாரத்தில் புரிந்தது. நகப்பூச்சால் குறட்டின் மூக்கில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அதன் பிறகு இரண்டும் ஒத்து வந்தன. கோர்க்கும் வளையங்களைத் திறப்பதற்கும் ஒரு முறை உண்டு. முனைகளை இரு பக்கமும் இழுத்து விலக்கினால் வட்டம் கெட்டுவிடும். ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்பித் திறந்தால், மூடும்போது குலையாமல் வந்து சேரும்.

நான்காம் வாரத் தொங்கட்டானை அம்மாவின் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் கம்பியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “காயம் பட்டிருக்கு” என்றார். குறட்டின் விளிம்பு அழுந்தி விழுந்த சிறு பள்ளம் அது. என் கண்ணுக்குத் தப்பியது அவர் விரலுக்குத் தப்பவில்லை.

பால்மரம் சீவிய கைக்கு இது இயல்பு என்பதை அன்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பட்டையில் பால் ஓடும் நாளங்கள் உள்பக்கத்தில் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றுக்கும் உள்ளே, மரம் பருப்பதற்குக் காரணமான மெல்லிய படலம் இருக்கிறது. வெட்டின் ஆழம் போதாவிட்டால் பால் குறையும். சற்றுக் கூடிவிட்டாலோ கத்தி அந்தப் படலத்தைத் தொட்டுவிடும், புதுப்பட்டை முண்டு முண்டாகக் கட்டும், பிறகு அந்தப் பக்கத்தில் ஒழுங்காக வெட்டுப் போட முடியாது. விடிவதற்கு முன், குளிர்ச்சி இருக்கும்போதே பால் நன்றாக இறங்கும் என்பதால், நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் நாளொன்றுக்கு 500 மரங்கள்வரை வெட்டி, ஒவ்வொன்றிலும் அந்தப் படலத்துக்கு மயிரிழை முன்னால் கத்தியை நிறுத்திய கை அது. மறுநாளே குறட்டின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன். ஐந்தாம் வாரத்திலிருந்து கம்பியில் பள்ளம் விழவில்லை.

நாள் தப்பாமல் செய்வது பற்றியும் அம்மாவிடமிருந்தே அறிந்துகொண்டேன். அவர் வேலை செய்த தோட்டத்தில் ஒரு நிரையை நாள் விட்டு நாள் வெட்டுவார்கள். இடையில் கிடைக்கும் ஓய்வில் மரத்தில் பால் மீண்டும் ஊறும். ஆனால் நெடுநாள் வெட்டாமல் விட்டுவிட்டு மறுபடி தொடங்கினால், முதல் சில வெட்டுகளுக்குப் பால் கெட்டியாக நின்று சரியாக இறங்காது என்பார். மார்ச் மாதத்தில் காய்ச்சல் வந்து எனக்கு இரண்டு வெள்ளிக்கிழமைகள் தவறிப்போயின. அடுத்த வெள்ளியில் உட்கார்ந்தபோது, முன்பு ஐந்து நிமிடத்தில் முடிந்த வளையத்துக்கு அரை மணி நேரம் பிடித்தது. ஆண்டு முடிவில் என் கணக்கு 50 நகைகள். அந்த இரண்டையும் பிறகு சேர்த்துச் செய்து ஈடுகட்ட நான் முயலவில்லை. விட்ட நாளின் பாலை மறுநாள் சேர்த்து எடுக்க முடியாது என்று அம்மா சொன்னதை ஏற்றுக்கொண்டேன்.

மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வெட்டு இல்லை. அம்மா அன்று கத்தியைத் தீட்டி வைப்பார். எந்த யோசனையும் பிடிபடாத வாரங்களை நான் அவ்வாறே பயன்படுத்திக்கொண்டேன். வளைத்து வளைத்து விறைத்துப்போன கம்பித் துண்டுகளை அடுப்புச் சுடரில் மங்கிய செந்நிறம் வரும்வரை காட்டித் தண்ணீரில் போட்டு இளக்கினேன். எங்கள் ஊரின் ஈரக்காற்றில் செம்பு விரைவில் கறுத்துவிடும். வெள்ளிக்கிழமை குத்துவிளக்குத் துலக்கும் புளியும் உப்புமே அதற்குப் போதும், புளியின் அமிலம் கருமையைக் கரைத்துவிடும். துலக்கியதை நன்றாகக் கழுவித் துடைக்காவிட்டால் மட்டும் களிம்பு ஏறும். இந்த வேலைகளை முடித்த கையோடு ஒரே ஒரு மணி வைத்த எளிய தோடு ஒன்றைச் செய்து அந்த வாரத்தை நிறைவு செய்வேன். ஆண்டு முழுவதும் செய்தவற்றில் நான் அதிகம் அணிவது அந்த எளிய தோடுகளையே.

விதைகளைத் தேடத் தொடங்கியது ஏப்ரலில். சாலையோரத்து ஆனைக்குன்றிமணி மரத்தடியில் குனிந்தால் கைநிறைய அள்ளலாம். மலாய்க்காரர்கள் அதைச் சாகா என்பார்கள். முழுச் சிவப்பு, இருபுறமும் சற்று உப்பிய தட்டை வடிவம், ஏறத்தாழ நான்கு விதைகள் சேர்ந்தால் ஒரு கிராம். அளவில் ஒன்றுபோல் இருப்பதால் பொற்கொல்லர்கள் ஒருகாலத்தில் அதை எடைக்கல்லாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி வேறு. அதுவும் பொன் நிறுத்த விதையே, அழகானதே, ஆனால் அதற்குள் இருக்கும் நஞ்சு உயிரைப் பறிக்கக் கூடியது. துளையிட்டால் தூள் பறக்கும், ஓடு உடையும். என் மேசைக்கு அதை நான் கொண்டுவருவதில்லை. ஆனைக்குன்றிமணியைக்கூட ஒரு மில்லிமீட்டர் துளையூசியை விரலால் திருகி, சிறிது தண்ணீர் விட்டு, பொறுமையாகவே துளைக்கிறேன்.

மே மாதத்தில் நடந்த ஒன்று என்னை மிகவும் வருத்தியது. உடன் வேலை செய்யும் தங்கை ஒருத்தி, நான் கொடுத்த தொங்கட்டானைப் போட்ட மூன்றாம் நாள், “அக்கா, காது ரொம்ப அரிக்குது” என்று வந்து காட்டினாள். காது மடல் சிவந்து நீர் கோத்திருந்தது. வெள்ளி என்று ஒரு கடையில் சொல்லி விற்ற கொக்கிகளை நம்பி வாங்கி மாட்டியிருந்தேன். அவை முலாம் பூசியவை. மலிவான கொக்கிகளில் உள்ள நிக்கல் பலருடைய தோலுக்கு ஒவ்வாது. அதுவரை கொடுத்த எல்லாவற்றையும் திருப்பி வாங்கி, 316எல் என்று குறிக்கப்படும் எஃகிலும் 925 முத்திரையுள்ள வெள்ளியிலும் கொக்கிகளை மாற்றிக் கொடுத்தேன். காதின் துளைக்குள் நுழைவது கொக்கி ஒன்றே. மணியில் சிக்கனம் பார்க்கலாம், அதில் பார்க்கக் கூடாது.

செப்டம்பரில் ரப்பர் விதைகள் விழத் தொடங்கின. ஊரைச் சுற்றியிருந்த பால்மரக் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாக, அதாவது எண்ணெய்ப்பனையாக, மாறிவிட்டது; அம்மாவின் தோட்டமும் அதில் ஒன்று. அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் கோலகங்சாரில், இந்த நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் வேலிக்குள் நிற்கிறது. 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. நம் முன்னோரைக் கப்பலேற்றிய பயிர் அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஆயினும் எங்கள் பக்கத்தில் இப்போது விதை பொறுக்க வேண்டுமென்றால், ஊருக்கு வெளியே எஞ்சியிருக்கும் சிறுதோட்டம் ஒன்றுக்கே போக வேண்டியிருந்தது. அம்மாவும் உடன் வந்தார்.

பழுப்பும் சாம்பலும் கலந்த புள்ளிகளோடு, எண்ணெய் பூசியதுபோல் மின்னும் அந்த விதையை, லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து அடுத்தவர் கையில் சூடு வைத்து ஓடிய விதை அது. ஒரு மணி நேரத்தில் நான் ஒரு பை நிறையப் பொறுக்கிவிட்டேன். ஆனால் ஒரு ஜோடித் தோட்டுக்கு ஒத்துப்போகும் இரண்டு விதைகள் அதில் எளிதில் கிடைக்கவில்லை. ஒன்றில் புள்ளிகள் பொடியாக இருந்தன, ஒன்றில் கோடுகளாக நீண்டிருந்தன, ஒன்று உருண்டை, ஒன்று நீளம். அம்மா பையைத் தரையில் கவிழ்த்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் விரலால் தள்ளித் தள்ளி ஐந்தாறு குவியல்களாகப் பிரித்தார். “இது எல்லாம் ஒரு மரம். இது அந்தப் பக்கத்து மரம்” என்றார்.

வீடு திரும்பிப் படித்துப் பார்த்தபோது அவர் சொன்னது அறிவியலுக்கும் உடன்பட்டது என்று தெரிந்தது. விதையின் மேலோடு தாய்மரத்தின் திசுவிலிருந்தே உருவாகிறது. எந்த மரத்தின் மகரந்தம் வந்து சேர்ந்தாலும் அது உள்ளிருக்கும் கருவை மட்டுமே மாற்றும், ஓட்டின் கோலத்தைத் தொடாது. ஆகவே ஒரு மரத்தின் விதைகள் எல்லாம் ஒரே கோலம் கொண்டவை. ஒரே இனத்தை ஒட்டுக்கட்டி வளர்த்த தோட்டத்தில் நிரை முழுவதும் ஒரே கோலமாக இருக்கும். விதையைப் பார்த்தே இனத்தை அடையாளம் காண்பது ஆய்வாளர்களின் வழக்கம். நாங்கள் போன சிறுதோட்டத்தில் மரங்கள் கலந்து நின்றன, அதனால் குவியல்களும் பல. அம்மா இதைப் படித்தவர் அல்லர். 31 ஆண்டுகள் அந்த விதைகளின்மேல் நடந்தவர்.

காய்கள் மூன்று அறைகள் கொண்டவை, அறைக்கு ஒரு விதை. வெடிக்காத காய் ஒன்றை அம்மா மரத்தடியிலிருந்து எடுத்து வந்து, துணிப்பையில் கட்டி வெயிலில் தொங்கவிட்டார். மறுநாள் உச்சிவேளையில் பட்டென்று சத்தம் கேட்டது. அவிழ்த்துப் பார்த்தால் ஒரே காயின் மூன்று விதைகளும் பைக்குள் கிடந்தன. நிழலில் சில வாரங்கள் உலர்த்தி, உள்ளே பருப்பு சுருங்கிக் கலகலக்கத் தொடங்கிய பிறகு, இரண்டைத் துளைத்து மெல்லிய கம்பியால் பருப்பைத் தூளாக்கி வெளியேற்றினேன். பருப்பை உள்ளே விட்டால் பூச்சி வரும்; பச்சைப் பருப்பில் சயனைடாக மாறும் பொருளும் இருப்பதால் குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. வெறும் ஓடாகிவிட்ட விதைக்கு ஏறக்குறைய எடையே இல்லை. மேலே வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு, நுனியில் ஒரு சிறு செப்பு வளையம், வெள்ளிக் கொக்கி, அவ்வளவே.

என் சிறுவயதில் ஒவ்வொரு ஜனவரியும் பள்ளி திறக்கும்போது அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போகும். துளை தூர்ந்துவிடாமல் இருக்க, ஈர்க்குத் துண்டு ஒன்றைக் காதில் செருகிக்கொண்டு அவர் வெட்டுக்குப் போவார். எங்கள் சீருடையும் புத்தகங்களும் அந்த ஈர்க்குகளால் வந்தவை என்பதை நான் வளர்ந்த பிறகே புரிந்துகொண்டேன்.

தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை இரவு, அந்த ஜோடியை அம்மாவிடம் கொடுத்தேன். வழக்கம்போல் கட்டைவிரலால் கம்பியைத் தடவினார், வளையத்தின் வாய் சேர்ந்திருக்கிறதா என்று நகத்தால் சோதித்தார். காயம் எதுவும் சொல்லவில்லை. தம் 916 தங்கத் தோட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு விதைகளை மாட்டிக்கொண்டு, கண்ணாடி பார்க்காமல் தலையை இருபுறமும் அசைத்துப் பார்த்தார். “கனமே தெரியல” என்றார். பிறகு மேசையில் மீதமிருந்த மூன்றாவது விதையை எடுத்துத் தம் வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டு மூடிக்கொண்டார்.